லீனோ தால்யாபியேத்ரா: முரானோவின் வித்தையை வெளியே கொடுத்தவரா, காப்பாற்றியவரா?

#1 கடல்நாரை

ஓவியம், சிற்பம், மண்பாண்டம் என்று இங்கே பேசாதது இல்லை. ஊதுகண்ணாடிக்கு மட்டும் ஒரு இழைகூடக் காணோம். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

லீனோ தால்யாபியேத்ரா 1934-ல் வெனிஸை ஒட்டிய முரானோ தீவில் பிறந்தவர். 11 வயதில் ஆர்க்கிமெதே செகூசோவின் பட்டறையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். இருபதுகளின் தொடக்கத்திலேயே மேஸ்த்ரோ. அதாவது குழுவை நடத்தி, பெஞ்சில் உட்கார்ந்து, பொருளை முடித்துக் கொடுக்கிற தலைமைக் கைவினைஞர். அதற்கப்புறம் கலியானோ ஃபெர்ரோ, வெனினி, லா முரீனா, எஃபெத்ரே என்று பல வருடங்கள் தொழிற்கூட வேலைதான். ஒப்பந்தக்காரர் கேட்ட விளக்கு, கடைக்காரர் கேட்ட குடுவை. 1989 வரை எஃபெத்ரேயில் இருந்துவிட்டு, ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகுதான் தன் பெயரில் மட்டும் வேலை செய்ய ஆரம்பித்தார். 2021-ல், 87 வயதில், உலை முன் நிற்பதை நிறுத்திக்கொண்டார்.

விவாதம் 1979-ல் தொடங்குகிறது. அந்த வருடம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பில்ச்சக் கண்ணாடிப் பள்ளிக்குப் பாடம் எடுக்கப் போனார். முரானோ குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பொத்திப் பாதுகாத்த நுட்பங்களை, தாடி வைத்த அமெரிக்கப் பையன்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக்கொடுத்தார். ஊரில் பலருக்கு அது துரோகமாகப் பட்டது. இன்னொரு பக்கம், அவர் போயிருக்காவிட்டால் அந்த வித்தையில் பாதி இன்று இருந்திருக்காது என்கிறவர்களும் உண்டு.

தொழில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள்.

#2 தூரிகைக்காரன்

நல்ல இழை. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் துரோகியா தியாகியா என்பது முரானோக்காரர்கள் பஞ்சாயத்து. எனக்கு வேறு சந்தேகம்: அவரைக் கலைஞர் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

1962-ல் டொலிடோ கலை அருங்காட்சியகத்தின் வளாகத்தில் ஹார்வி லிட்டில்டன் என்ற மண்பாண்ட ஆசிரியர் சின்ன உலை ஒன்றைக் கட்டி ஒரு பயிலரங்கு நடத்தினார். முதல் உருக்கு சொதப்பியது. டொமினிக் லபீனோ என்ற கண்ணாடி ஆராய்ச்சியாளர், கண்ணாடி இழை தயாரிக்கப் பயன்படும் கோலிக்குண்டுகளைக் கொடுத்து உருக்கச் சொன்ன பிறகுதான் ஊத முடிந்தது. உருக்கத் தெரிந்ததே தவிர, அங்கிருந்தவர்களுக்கு ஊதத் தெரியாது. ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர் வந்து செய்து காட்டினார். ஸ்டூடியோ கண்ணாடி இயக்கம் என்று இன்று சொல்வதற்கு அமெரிக்காவில் அதுதான் தொடக்கம்.

அந்த இயக்கத்தின் அடிப்படையே தொழிற்கூடத்தை விட்டு வெளியே வருவதுதான். வடிவமைப்பவர் ஒருத்தர், ஊதுபவர் இன்னொருத்தர் என்ற பிரிவினை வேண்டாம், தனி மனிதன் தன் உலையில் தானே செய்யட்டும் என்பதுதான். எழுபதுகளில் லிட்டில்டனே, உத்தி மலிவானது என்று ஒரு போடு போட்டார். அந்த நிலையில் முரானோவிலிருந்து வந்த லீனோ செய்தது என்ன? தொழிற்கூடத்தின் கைத்திறனை மறுபடி அரியணை ஏற்றிவிட்டார். அவருடைய பொருள்களைப் பார்த்தால் முதலில் எனக்கு வருவது ‘அடேயப்பா, எப்படிச் செய்தார்’ என்ற எண்ணம்தான். கலைப்பொருளைப் பார்த்ததும் வர வேண்டிய முதல் எண்ணம் அதுவா?

#3 டகோமாவாசி

தூரிகை சார் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு முன்னால் அந்த ‘எப்படிச் செய்தார்’ என்ன என்று எழுதுகிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் கலையா கைவேலையா என்று பேசினால் காற்றில் கத்தி வீசுவதுதான். நான் தொழில்முறை ஆள் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் வார இறுதிகளில் உதவிக்கு நிற்கிறவன். கதவு திறப்பது, குழாய் சூடாக்குவது, சொன்னபோது ஊதுவது, அவ்வளவுதான்.

லீனோவின் கையிருப்பில் பெரியது ஃபிலிகிரானா. தெளிந்த கண்ணாடிக்குள் நூல் நூலாக நிறம் ஓடும். முரானோவில் 1527-லேயே இரண்டு சகோதரர்கள் இதன் ஒரு வகைக்குத் தனியுரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள்.

நூல் எப்படி வருகிறது? இரும்புக் கம்பியின் நுனியில் கொஞ்சம் வெள்ளைக் கண்ணாடிக் குழம்பை எடுத்து, அதன் மேல் தெளிந்த கண்ணாடியைப் போர்த்து, மொத்தையான ஓர் உருளையாக்குவார்கள். நன்றாகக் காய்ச்சியதும் இன்னொருவர் எதிர்முனையில் தன் கம்பியை ஒட்டிக்கொண்டு பின்னாலேயே நடப்பார். திருவிழாவில் சவ்வுமிட்டாய்க்காரர் இழுப்பது மாதிரி உருளை நீண்டு மெலிந்து, பட்டறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே கம்பியாக நிற்கும். வேகமாக நடந்தால் நூலாகிவிடும். மெதுவாக நடந்தால் நடுவில் தொங்கிப்போகும். இழுக்கும்போதே ஒருவர் முறுக்கினால் உள்ளே இருக்கும் வெள்ளை திருகுச் சுருளாக மாறும். ஆறியதும் துண்டு துண்டாக நறுக்கி அடுக்கி வைத்துக்கொள்வார்கள். இதுவரை நடந்தது சமையலுக்குக் காய் நறுக்குகிற வேலைதான், பொருள் செய்யவே ஆரம்பிக்கவில்லை!

துண்டுகளைத் தட்டில் பாய் மாதிரி பக்கம் பக்கமாக அடுக்கி, சூடாக்கி, ஒன்றோடொன்று ஒட்ட வைக்க வேண்டும். ஊதுகுழாயின் நுனியில் வளையம்போல் சூடான கண்ணாடி இருக்கும். அதைப் பாயின் ஓரத்தில் வைத்து உருட்டினால் முழுப் பாயும் சுருண்டு குழலாகிவிடும். சேருமிடத்தை இடுக்கியால் மூடி, அடியைக் கிள்ளி அடைத்தால் ஊதத் தயார். பாயின் ஓரத்துக்கும் வளையத்தின் சுற்றளவுக்கும் பொருத்தம் இல்லையென்றால் சேருமிடத்தில் பிளவு விழும்.

இதிலேயே கடினமானது ரெட்டிசெல்லோ. ஒரு குமிழியில் நூல்கள் வலப்பக்கம் முறுக்கியிருக்கும். இன்னொன்றில் இடப்பக்கம். முதலில் செய்ததைச் சூட்டுப்பெட்டியில் காத்திருக்க வைத்து, அடுத்ததை அதற்குள் இறக்கி ஊத வேண்டும். நூல்கள் குறுக்கே வெட்டி வலைபோல் ஆகும். ஒவ்வொரு வலைக்கண்ணிலும் ஒரே அளவில் ஒரு குட்டிக் காற்றுக்குமிழ் மாட்டியிருக்கும். எல்லாக் கண்ணும் சமமாக வர வேண்டும் என்றால் இரண்டு குமிழிகளின் கனம், சூடு, முறுக்கு மூன்றும் பொருந்தியிருக்க வேண்டும். எங்கள் பட்டறையில் பல வருடம் அனுபவம் உள்ளவர்களே ரெட்டிசெல்லோ நாள் என்றால் காலையிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

லீனோ செய்கிற காணொளிகளைப் பாருங்கள். கை அவசரப்படவே படாது. பெஞ்சின் தண்டவாளத்தில் குழாய் உருண்டுகொண்டே இருக்கும். உருட்டுவதை நிறுத்தினால் கண்ணாடி தொங்கிவிடும், அதனால் இடது கை ஓயக் கூடாது. வலது கையில் ஈரச் செய்தித்தாள் மடிப்பு. நெருப்புக் குழம்புக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இருப்பது அந்தக் காகிதம் மட்டும்தான், ஆவி பறக்கும். ஊத வேண்டிய நேரத்தில் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். உதவியாளர் குழாயின் மறுமுனையில் மண்டியிட்டு, லீனோவின் தோளைப் பார்த்தே ஊதிவிடுவார்.

#4 சிலிக்கா செல்வம்

டகோமா தம்பி அருமையாக எழுதியிருக்கிறார். நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தட்டைக் கண்ணாடி ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் உலை 1500 டிகிரியைத் தாண்டும். குழம்பு உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து நாடாவாக வரும், மனிதக் கை படாது. ஆனால் அடிப்படை ஒன்றுதான்.

கண்ணாடிக்கு இரும்பு மாதிரி ‘இந்த டிகிரியில் உருகும்’ என்ற கணக்கு கிடையாது. சூடு ஏற ஏற இளகும், இறங்க இறங்க இறுகும். ஊதுபவர்கள் 1100 டிகிரிக்கு மேலே உலையிலிருந்து எடுத்து, இறுகுவதற்குள் வேலை செய்து, மறுபடி சூடு காட்டி, மறுபடி வேலை செய்து என்று அந்த இடைவெளிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் நிறம் சேர்ந்தால் சிக்கல் இரட்டிப்பு. ஒவ்வொரு நிறக் கண்ணாடியும் சூட்டில் விரிவதும் ஆறும்போது சுருங்குவதும் கொஞ்சம் வேறுபடும். ஒத்துப்போகாத இரண்டைச் சேர்த்தால் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஒரு வாரம் கழித்து அலமாரியில் தானாக டப்பென்று விரியும். ஒத்துப்போனாலும் ஒரு நிறம் மற்றதைவிட முன்னால் இளகும். முறுக்கும்போது இளகியது அதிகம் திரும்பும், விறைப்பானது குறைவாகத் திரும்பும், கோடு கோணலாகிவிடும். பத்துப் பன்னிரண்டு நிறத்தை ஒரே பொருளில் வைத்து நேராகக் கொண்டுவருகிற ஆள் ஒவ்வொரு நிறத்தின் குணத்தையும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

செய்து முடித்ததும் அப்படியே வெளியே வைத்தால் மேல்தோல் முதலில் சுருங்கி உள்ளே இழுவிசை தங்கிவிடும். அதனால் 500 டிகிரி அக்கம்பக்கத்தில் உள்ள ஆற்றுஉலையில் கொஞ்ச நேரம் வைத்து மெள்ள மெள்ள இறக்க வேண்டும். கனமான பொருளுக்கு நாள்கணக்கில் ஆகும். எங்கள் ஆலையில் இதே வேலைக்கு நூறு மீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கம் இருக்கிறது.

#5 மரகதம்

துரோகம் என்கிற பேச்சுக்கு வருகிறேன்.

1291-ல் வெனிஸ் அரசு கண்ணாடி உலைகளை முரானோவுக்கு மாற்றியது. நகரத்தில் மரவீடுகள், தீ பயம் என்பது சொல்லப்பட்ட காரணம். ஒரே தீவில் அடைத்துவிட்டால் கண்காணிக்கச் சுலபம் என்பதும் கூடவே நடந்தது. கைவினைஞர்கள் அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது, மீறினால் தண்டனை என்று சட்டம். ஓடிப்போனவர்களைத் தேடிக் கொலையாளிகள் போனார்கள் என்பது சுற்றுலா வழிகாட்டிகள் கண்ணை உருட்டிச் சொல்கிற பகுதி. நான் அதற்குள் போகவில்லை. எனக்கு வேண்டியது வேறு: அவ்வளவு சட்டம் இருந்தும் ஆட்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள்.

ஜாக்கொமோ வெர்செலீனி லண்டன் போய் 1575-ல் எலிசபெத் ராணியிடமே வெனிஸ் பாணிக் கண்ணாடி செய்யத் தனியுரிமை வாங்கினார். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஆன்ட்வெர்ப் முதல் ஐரோப்பா முழுக்க ‘வெனிஸ் பாணி’ பட்டறைகள். அப்புறம் 1665. பிரெஞ்சு அமைச்சர் கோல்பேர், முரானோ ஆட்களை ஆசைகாட்டி அழைத்துவந்துதான் அரச நிலைக்கண்ணாடித் தொழிற்சாலையை ஆரம்பித்தார். பிற்காலத்தில் செயின்ட் கோபேன் ஆனது அந்த நிறுவனம்தான். செல்வம் சார், உங்கள் ஸ்ரீபெரும்புதூரில் ஓடுகிற உலைகளில் ஒன்றின் பூர்வீகம் அது!

ஆக, 1979-ல் லீனோ உடைப்பதற்குப் பூட்டு என்று ஒன்று மிச்சமிருந்ததா? அமெரிக்கர்களும் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார்கள். 1968-ல் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலி உதவித்தொகையில் வெனினியில் போய் உட்கார்ந்தார். அடுத்த வருடம் ரிச்சர்ட் மார்க்விஸ் வந்தார். நிறக்கம்பிகளைக் கட்டாக உருக்கி, இழுத்து, குறுக்கே வெட்டினால் பூவோ எழுத்தோ தெரிகிற முரீனை வேலையை அங்கே பார்த்துக் கற்றுக்கொண்டு ஊருக்குப் போய்ப் பரப்பியும் விட்டார். வெனினி நிர்வாகமே கதவைத் திறந்து வைத்திருந்தது. பில்ச்சக்குக்கு முதலில் போன முரானோ மேஸ்த்ரோவும் லீனோ இல்லை. அவருடைய மைத்துனர் கெக்கோ ஒங்காரோ 1978-லேயே போய்வந்தார். அவருக்கு மறுபடி போக இஷ்டமில்லை, லீனோ பெயரைச் சொல்லிவிட்டார்.

கோபம் ஏன் லீனோ மேல் மட்டும் என்றால், மற்றவர்கள் ஒருமுறை காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். இவர் திரும்பத் திரும்பப் போனார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.

#6 நடத்துநர்

பிரோசாபாத் வளையல் தொழில் பற்றிய பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே தொடருங்கள்.

#7 தூரிகைக்காரன்

மரகதம் அம்மா சொன்ன வரலாற்றோடு எனக்குச் சண்டை இல்லை. டகோமாவாசி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு ரெட்டிசெல்லோவைப் பெரிதாக்கியும் பார்த்தேன், மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மலைப்பு என் கேள்விக்குப் பதில் இல்லையே. தஞ்சாவூர்த் தட்டு செய்கிறவரின் கையும் மலைப்புதான், அவரை நவீனக் கலைஞர் என்று யாரும் கண்காட்சிக்கு அழைப்பதில்லை.

சிஹூலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-ல் இங்கிலாந்தில் கார் விபத்து, இடது கண் பார்வை போனது. 1979-ல் கடலில் விளையாடித் தோள் பிசகியது. அதிலிருந்து ஊதுகுழாயைத் தொடுவதில்லை. படம் வரைந்து தரையில் போடுவார், குழு செய்யும். ஆனாலும் பார்த்தவுடன் ‘சிஹூலி’ என்று சொல்லிவிடலாம். கண்ணாடியை அறை முழுக்கக் கொட்டலாம், கூரையில் தொங்கவிடலாம், கால்வாய்க்கு மேலே நிறுத்தலாம் என்று ஓர் எண்ணம் அவரிடம் இருந்தது. லீனோவிடம் கை இருக்கிறது. எண்ணம் எங்கே?

#8 டகோமாவாசி

> லீனோவிடம் கை இருக்கிறது. எண்ணம் எங்கே?

சிஹூலியின் ‘வெனீஷியன்ஸ்’ வரிசை 1988-ல் செய்யப்பட்டது. பழைய வெனிஸ் குடுவைகளைக் கிண்டலும் காதலுமாகப் பெரிதுபடுத்தி, கொடியும் இலையும் சுருளும் ஒட்டிய பொருள்கள். எண்ணம் சிஹூலியுடையது. பெஞ்சில் உட்கார்ந்து செய்தவர் லீனோ. அந்த வரிசையை மட்டும் தனியாகப் பார்த்தால் ஒன்று தெரியும்: சிஹூலி கிறுக்கிக் கொடுத்த படத்தில் சுருள் எங்கே ஒட்ட வேண்டும் என்று இருக்கும், எந்தச் சூட்டில் ஒட்டினால் நிற்கும் என்று இருக்காது. ஒட்டுகிற நேரத்தில் அடிக்கலம் எந்த அளவு இறுகியிருக்க வேண்டும் என்ற முடிவு நொடியில் எடுக்கப்படுவது. அந்த முடிவும் வடிவத்தில் சேர்த்திதான். அதை எண்ணம் இல்லை என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று. அமெரிக்கர்களுக்கு அன்று இருந்த குறை என்ன தெரியுமா? எண்ணம் ஏராளம், கை இல்லை. அறுபதுகளில் செய்த பொருள்களில் பல கோணல்மாணலாக, கனமாக, குமிழி விழுந்து இருக்கும். ‘அதுதான் வெளிப்பாடு’ என்று சொல்லிக்கொண்டார்கள். லீனோ பில்ச்சக் போனபோது மெல்லிசாகவும் நேராகவும் ஒரு கோப்பை செய்து காட்டியதே அவர்களுக்கு அதிர்ச்சி. சியாட்டிலில் பெஞ்சமின் மூர், டான்டே மரியோனி போன்றவர்களின் சுத்தமான கோடு அங்கிருந்து வந்தது. பூர்வகுடி டிலிங்கிட் வடிவங்களைக் கண்ணாடியில் செய்கிற பிரெஸ்டன் சிங்கிள்டரியும் அந்தச் சியாட்டில் பட்டறைகளில் வளர்ந்தவர்தான். நான்சி கேலன் பல வருடம் லீனோவின் குழுவில் இருந்தவர். முரானோவில் பெண்ணை உலை முன் நிற்க விட்டது அபூர்வம். அந்த ஊரில் இருந்து வந்த மனிதரின் குழுவில் ஒரு பெண் முக்கியமான இடத்தில் நின்றார்.

#9 நெய்தல்

நான் தொழில் தெரிந்தவள் இல்லை, கண்காட்சி பார்க்கிறவள். தூரிகை அண்ணனின் கேள்விக்குப் பொருளைக் காட்டித்தான் பதில் சொல்ல முடியும்.

‘டைனோசர்’ வரிசையைப் பாருங்கள். கீழே குண்டான உடல், அது மேலே போகப் போக மெலிந்து நீளமான கழுத்தாகி, ஒரு பக்கம் வளைந்து முடிகிறது. உடல் முழுக்கக் கோடுகள். கீழே அகலமாகத் தொடங்கும் கோடு கழுத்துக்குப் போகும்போது முடி அளவுக்கு ஒடுங்குகிறது. அந்தக் கோடுகள் மேலே வரைந்தவை அல்ல, கண்ணாடி எப்படி இழுபட்டது என்பதன் பதிவு. உருவம்தான் கோலம், கோலம்தான் உருவம். அதில் எண்ணம் இல்லை என்றால் எதில் இருக்கிறது? சின்ன வயதில் வெனிஸ் பியெனாலே கலைக் கண்காட்சியில் அமெரிக்க ஓவியர்களின் நிறப்பரப்புகளைப் பார்த்து ஈர்க்கப்பட்டவர் அவர். அந்தப் பார்வை கழுத்தின் நிறம் மாறும் இடத்தில் தெரிகிறது.

‘எண்டெவர்’ எனக்கு இன்னும் பிடிக்கும். நீளமான, இரண்டு முனையும் கூரான ஓடங்கள், பல நிறத்தில், கூரையிலிருந்து வெவ்வேறு உயரத்தில் தொங்கும். வெனிஸ் காயலில் திருநாளன்று படகுகள் கூடுவதுதான் அதன் மூலம். ஒரு ஓடத்தை மட்டும் தனியாக வைத்தால் அழகான பொருள். கூட்டமாகத் தொங்கினால் கீழே நிற்கிறவர் தண்ணீருக்கடியில் இருக்கிறார்.

ஒப்புக்கு எல்லாவற்றையும் புகழ மாட்டேன். சில குடுவைகளில் நுட்பத்தின் மேல் நுட்பம் ஏற்றி, ஃபிலிகிரானாவும் முரீனையும் வெட்டுவேலையும் ஒரே உடம்பில் நிற்கும்போது மூச்சு முட்டுகிறது. கல்யாண வீட்டில் எல்லா நகையையும் போட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தால் வருமே, அந்த அலுப்பு. அங்கே தூரிகை அண்ணன் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன்.

#10 தூரிகைக்காரன்

டைனோசர் படங்களை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். கோடும் வடிவும் ஒன்று என்று நெய்தல் சொன்னது சரி. சிஹூலியின் பொருளை யார் செய்தாலும் சிஹூலிதான். இதை வேறு கை செய்தால் வேறு பொருளாகிவிடும். அதனாலேயே இது பெரியதா சிறியதா என்பதில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஓவியத்தில் எங்களுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை, பழக்கதோஷம்.

#11 கடல்நாரை

இரண்டு சந்தேகம்.

ஒன்று, அவர் பொருள்கள் பலவற்றில் மேற்பரப்பு பளபளப்பாக இல்லாமல், சுத்தியால் தட்டிய பித்தளைச் செம்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகளோடு மங்கலாக இருக்கிறதே, அது உலையில் வருவதா?

இரண்டு, இவ்வளவு காணொளி இருக்கிறதே, ஒளித்து வைக்க ஒன்றும் இல்லாத காலம். அப்படியென்றால் இளைஞர்கள் பத்து வருடம் உதவியாளராக ஏன் நிற்கிறார்கள்?

#12 சிலிக்கா செல்வம்

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். அது ஆறிய பிறகு சக்கரத்தில் செய்கிற வேலை. பத்தூத்தோ என்பார்கள். கார்லோ ஸ்கார்ப்பா 1940 வாக்கில் வெனினியில் இதைப் பெயர்பெற வைத்தார். சுழலும் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுக்கொண்டே பொருளைத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு குழி. ஆயிரக்கணக்கில் தேவைப்படும். கொஞ்சம் அழுத்தினால் போச்சு, அத்தனை நாள் உழைப்பும் குப்பை.

ஏன் மெனக்கெட வேண்டும் என்றால், பளபளப்பான கண்ணாடி எதிரே இருக்கும் ஜன்னலையும் விளக்கையும்தான் முதலில் காட்டும். மேலே குழி விழுந்தால் ஒளி சிதறிவிடும். பிரதிபலிப்பு அடங்கியதும் உள்ளே ஓடும் நிறக்கோடு தெரியும்.

#13 டகோமாவாசி

இரண்டாவதற்கு நான்.

காணொளியில் கண்ணாடியின் நிறம் தெரியும், சூடு தெரியாது. ஆரஞ்சு என்பது கேமராவுக்கு ஒரே ஆரஞ்சுதான். பக்கத்தில் நின்றால் குழாயின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது, உருட்டும்போது எவ்வளவு தளதளப்பு இருக்கிறது, முகத்தில் எவ்வளவு அனல் அடிக்கிறது என்று மூன்று வழியில் சேதி வரும். மேஸ்த்ரோ ‘இப்போது’ என்று எதை வைத்துச் சொல்கிறார் என்பது அங்கேதான் புரியும். புரிந்த பிறகும் கை கேட்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு சின்ன வேலையைச் சொல்கிறேன். பொருளைக் குழாயிலிருந்து பன்ட்டி என்ற இன்னொரு கம்பிக்கு மாற்ற வேண்டும், அப்போதுதான் வாய்ப்பக்கத்தைத் திறக்க முடியும். உதவியாளர் பன்ட்டி நுனியில் கொஞ்சம் கண்ணாடி எடுத்து வருவார். அது ரொம்பச் சூடாக இருந்தால் பொருளின் அடியோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும், கடைசியில் தட்டி எடுக்கும்போது அடியைப் பெயர்த்துக்கொண்டு வரும். ஆறியிருந்தால் பாதியில் பொருள் கழன்று தரையில் விழும். நடுவில் உள்ள அந்த அளவு எத்தனை நொடி என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். பட்டறைக் கதவு திறந்திருக்கிறதா, பொருள் எவ்வளவு பெரியது, என்ன நிறம் என்பதைப் பொறுத்து மாறும். தவறினால் மேஸ்த்ரோவின் முக்கால் மணி நேர வேலை தரையில். அதனால்தான் பன்ட்டி கொண்டுவரும் பொறுப்பை யாரும் புதியவரிடம் கொடுப்பதில்லை.

இதனால்தான் ‘ரகசியத்தைக் கொடுத்துவிட்டார்’ என்ற குற்றச்சாட்டே எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. செய்முறையைச் சொல்ல அரை நாள் போதும். அதற்குமேல் கொடுக்க வேண்டியதை லீனோவால்கூடச் சொல்லிக்கொடுக்க முடியாது, கூட நின்று செய்தால்தான் உண்டு. அவர் கூட நின்றார், அதுவும் வருடக்கணக்கில், அந்த ஊர் மொழி சரளமாக வராத காலத்திலேயே.

#14 பயணி

இத்தாலி போகிறோம், முரானோவுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். லீனோ மாதிரி ஆட்கள் வேலை செய்வதைப் பார்க்க முடியுமா? ஹோட்டலில் இலவசப் படகு என்கிறார்களே?

#15 மரகதம்

இலவசப் படகில் ஏறினால் ஒரு குறிப்பிட்ட கடையின் வாசலில்தான் இறக்குவார்கள். அஞ்சு நிமிஷத்தில் கண்ணாடிக் குதிரை ஒன்று செய்து காட்டி, அப்புறம் விற்பனை அறை. குதிரையும் திறமைதான், குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் தேடுவது அது இல்லை. பொதுப் படகில் போங்கள்.

கண்ணாடி அருங்காட்சியகம் பலாட்சோ ஜூஸ்தினியானில் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டால் ஃபிலிகிரானா எது, முரீனை எது என்று கண் பழகிவிடும், அப்புறம் கடைகளில் ஏமாற மாட்டீர்கள். வாங்குவதாக இருந்தால் ‘வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ’ முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். தீவில் செய்யாத சரக்கு முரானோ பெயரில் குவிந்ததால் 1994-ல் வெனெத்தோ மாகாண அரசு சட்டம் போட்டுக் கொண்டுவந்த அடையாளம் அது. எல்லா நல்ல பட்டறைகளும் அதில் சேர்ந்துவிடவில்லை, ஆகவே முத்திரை இல்லாதது எல்லாம் போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.

உலைகள் முன்பு மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி உலையை ராத்திரி அணைத்துக் காலையில் பற்றவைக்க முடியாது, இருபத்துநாலு மணி நேரமும் எரிவாயு ஓட வேண்டும். 2021 கடைசியில் எரிவாயு விலை பல மடங்கு ஏறியபோது சிறிய பட்டறைகள் பல உலையை நிறுத்தின. ஆள் கிடைப்பதும் கஷ்டம். பதினொரு வயதில் பையனை உலைக்கு அனுப்பிய காலம் போய்விட்டது, போனதும் நல்லதுதான்.

உங்கள் தேதி ஆகஸ்டில் வந்தால் மாற்றப் பாருங்கள். உலைகளைப் பழுதுபார்க்க அந்த மாதம்தான் நிறுத்துவார்கள். கடை திறந்திருக்கும், நெருப்பு இருக்காது.

#16 டகோமாவாசி

பயணி, அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இங்கே வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரக் கண்ணாடி அருங்காட்சியகத்தில் சாய்ந்த கூம்பு மாதிரி ஒரு கட்டடம் இருக்கும், அதற்குள்ளே பட்டறை. சுற்றிலும் படிவரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். லீனோ பலமுறை வேலை செய்த இடம் அது. இணையத்தில் நேரலையும் விடுவார்கள். நம்மூர் நேரத்துக்கு நடுராத்திரி ஆகிவிடும், அதுதான் சிக்கல்.